பக்கத்துக்கு ஒன்றரை

அந்த வீட்டுக்குள் இடித்துக்கொள்ளாமல் நுழைந்தவர்கள் யாருமில்லை. எல்லோருக்கும் ஒரே இடம், இடது தோள். நிலைக்காலில் டம்மென்று ஒரு சத்தம், "அம்மாடி" என்று ஒரு முனகல், அதற்கப்புறம்தான் "வீடு நல்லாத்தான் இருக்கு" என்ற வார்த்தை வரும். வெள்ளையடிக்க வந்தவர் இடித்துக்கொண்டார். குழாய் மாற்ற வந்தவர் இடித்துக்கொண்டார். தையல்காரியின் நாத்தனாரோ வந்த தடவையெல்லாம் இடித்துக்கொண்டாள். அவள் வாரத்துக்கு மூன்று தடவை வருகிறவள்.

"வீடா இது? வா வான்னு கூப்பிட்டுட்டு வாசல்லயே குத்துது," என்பாள் தோளைத் தேய்த்துக்கொண்டே.

நாத்தனார் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு கிடைத்தது பள்ளிக்கூடத்துக்குத்தான், அவளுக்கில்லை. பிள்ளைகளை மேய்த்துப் பழகிய கண்கள் தம்பி குடும்பத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டன.

தம்பி பஸ் டிரைவர். நல்ல மனுஷன், எதையும் பஸ்ஸோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார். அவருடைய பெண்டாட்டிதான் நம் தையல்காரி. குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் அளவு நாடா தொங்கும். அதனால் அவருக்கு அவள் 'டேப்பு'. கல்யாணமான மறுமாதம் வைத்த பேர், இருபத்தெட்டு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனை வருஷமும் வாடகை வீடு. இந்தப் பழைய வீடு விலைக்கு வந்தபோது டிரைவருக்கு அரை மனசு, நாத்தனாருக்குக் கால் மனசுகூட இல்லை. "இடிஞ்சு விழுற வீட்டைத் தேடிப் போய் வாங்குறாளே" என்றாள். தையல்காரிதான் ஒற்றைக்காலில் நின்றாள். வீதியைப் பார்த்த முன்னறை, இரண்டு பெரிய ஜன்னல், காலையிலிருந்து மாலை வரை வெளிச்சம். தையல் மெஷினுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வாங்கினார்கள். கூரையைச் சரிசெய்தார்கள், தரையைச் சரிசெய்தார்கள். எல்லாம் ஆனபிறகு கதவில் வந்து நின்றது.

அந்த வீதி முழுக்க நூறு வயசு தாண்டிய வீடுகள். பழைய கட்டிடங்களைக் காக்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் என்ன செய்தாலும் அவர்கள் கேட்கமாட்டார்கள். வீதியைப் பார்த்த முகத்தில் ஒரு ஆணி அடித்தாலும் கேட்பார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் குடிபோகலாம். அங்கிருந்து வந்த ஆபீசர் முப்பத்தைந்து வயசிருக்கும் பெண், தோளில் பெரிய பை, காலில் தட்டைச் செருப்பு. அவரும் இடது தோளை இடித்துக்கொண்டார். ஆனால் முனகவில்லை, ஆபீசர் அல்லவா.

வாசலில் அப்போது இருந்தது கடையில் வாங்கி மாட்டிய ஒற்றை பிளைவுட் கதவு. மழையில் ஊறி, அடிப்பக்கம் இலை இலையாகப் பிரிந்து கிடந்தது.

"இது போகணும். வீட்டுக்கு ஏத்த கதவு வரணும்," என்றார் ஆபீசர்.

"இரும்புல போட்டுடலாமா மேடம்? எங்க டெப்போ கதவு மாதிரி," என்று டிரைவர் ஆசையாகக் கேட்டார். "லாரியே மோதினாலும் அசையாது."

"உங்க வீட்டு மேல லாரி எதுக்குங்க மோதணும்?"

நாத்தனார் முன்னால் வந்தாள். "அவன் கிடக்கான் மேடம். பழைய பங்களா ஒண்ணு இடிச்ச இடத்துல நான் ஒரு கதவு பார்த்து வச்சிருக்கேன். சிங்கம் என்ன, கொடி என்ன, பூ என்ன! யானையே உள்ள போகலாம்."

தையல்காரி மெதுவாகச் சொன்னாள்: "காக்கிச் சட்டைக்கு ஜரிகைக் காலர் வச்ச மாதிரி இருக்குமே அண்ணி."

ஆபீசர் திரும்பி அவளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. பழைய வீடுன்னாலே செதுக்கல் வேணும்னு நினைச்சுக்கிறாங்க. இந்த வீதியில ராஜா யாரும் இருக்கல. கணக்கு எழுதினவங்க, வாத்தியாருங்க, மருந்து கலந்தவங்க இருந்தாங்க. அடக்கமான வீடு. என்ன கதவு வேணும்னு வீட்டையே கேளுங்க. ஜன்னல் ரெண்டும் இன்னும் அசல்தான்."

போகும்போது ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அதில் மூன்றாவது வரியைத் தையல்காரி மனப்பாடம் செய்துகொண்டாள்: 'வாசலின் அகலத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.'

அடுத்த இரண்டு சாயங்காலம் அவள் எதிர் நடைபாதையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஏதோ வீட்டில் சண்டை என்று நினைத்தார்கள். டீக்கடைக்காரர் ஒருமுறை வந்து, "சமாதானமாப் போங்கம்மா, புருஷன் பெண்டாட்டின்னா ஆயிரம் இருக்கும்" என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

துணியைப் பார்த்துத்தான் பொத்தான் எடுக்கவேண்டும் என்பது அவள் தொழிலின் பாலபாடம். அப்படித்தான் பார்த்தாள். ஜன்னல் ஒவ்வொன்றும் இரட்டைக் கதவு. ஒவ்வொரு கதவிலும் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று பலகை. பலகையைச் சுற்றி நூல் பிடித்த மாதிரி ஒரே ஒரு மெல்லிய கோடு, வேறு அலங்காரம் இல்லை. ஜன்னலின் அடிவிளிம்பு ஒரே மட்டத்தில் ஓடி வாசலில் வந்து சட்டென்று அறுந்து நின்றது. அந்த மட்டத்தில் கதவில் ஒரு குறுக்குச் சட்டம் வந்தால் கோடு சேர்ந்துவிடும், இடுப்புத் தையல் முன்னும் பின்னும் சேர்கிற மாதிரி. ஜன்னல் பெயிண்டைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தாள். ஆறேழு பூச்சுக்குக் கீழே கரும்பச்சை.

வரைந்து ஆபீசருக்கு அனுப்பினாள். இரட்டைக் கதவு, கதவுக்கு மூன்று பலகை, கரும்பச்சை. நாலே நாளில் பதில் வந்தது: 'பொருத்தம். செய்யலாம்.' அவள் அந்தத் தாளை டிரைவர் முன்னால் வீசி விசிறிக்கொண்டாள்.

"சிங்கம் இல்லாத கதவு," என்றாள் நாத்தனார். "சரி, அளவையாவது தச்சரை எடுக்கச் சொல்லு."

தச்சர் பட்டறை வீதிக்கோடியில் இருந்தது. வேலையில் கெட்டிக்காரர், ஒரே ஒரு பிடிவாதம். எப்போதோ ஒருத்தர் வாயால் அளவு சொல்லிவிட்டு, கதவு வந்ததும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று வீதியில் நிறுத்திச் சண்டை போட்டுவிட்டார். அன்றிலிருந்து தச்சர் யார் வாசலிலும் நாடா பிடிப்பதில்லை.

"நீங்க அளந்து எழுதிக் கொடுங்க, கீழ கையெழுத்துப் போடுங்க. எழுதினது எதுவோ அது வரும். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது."

"கூப்பிடு தூரத்துலதானே அண்ணே வாசல் இருக்கு? வந்து ஒரு எட்டுப் பார்த்துக்கக்கூடாதா?"

"நான் அளந்தா தப்பு என்னுது, நீங்க அளந்தா உங்களுது. நான் ராத்திரி தூங்கணும்மா."

"நான் அளக்குறேன்," என்றாள் நாத்தனார். "பள்ளிக்கூடத்து மரஸ்கேல் ஒண்ணு வீட்டுல இருக்கு."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "முப்பது வருஷமா ஊரையே அளந்து போட்டவ நான் இருக்கேன் அண்ணி. ஒரு வாசலை அளக்கமாட்டேனா?"

அளந்தாள். இரண்டு நிலைக்கால்களுக்கும் நடுவே நாடாவை இழுத்துப் பிடித்து, "மூச்சை இழுக்காம நேரா நில்லுங்க" என்று நிலைக்காலிடம் கேலி வேறு. எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், ஓரத்தில் ஒரு பூவையும் வரைந்து தச்சரிடம் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

நாட்கள் ஓடின. வாடகை வீட்டுக்காரர் மகள் குடும்பத்தோடு வந்து இறங்குகிறாள் என்று இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் கேட்டிருந்தார். மாதக் கடைசிக்கு முந்தின நாள் கதவு வருகிறது, அன்றைக்கே மூன்று மணிக்கு ஆபீசர் வருகிறார், மறுநாள் காலை லாரி. இப்படி ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தாள். ஒரு தையல் விட்டாலும் எல்லாம் பிரிந்துவிடும். ஆபீசர் அதற்கப்புறம் வேறு ஊர் வீடுகளுக்குப் போய்விடுவார், திரும்ப இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் எங்கே இருப்பது? நாத்தனார் வீட்டில்தான். ஒற்றை அறை, சுவரில் நேர அட்டவணை. தையல் மெஷினுக்கு அங்கே இடமில்லை. பள்ளி திறப்பதற்குள் முடிக்கவேண்டிய நூற்றிருபது சீருடை வெட்டின துணியாக மூட்டை கட்டிக் கிடந்தது. இந்த வீடு வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவள், நாள் குறித்ததும் அவள். எல்லாம் அவள் தலையில்.

கதவு காலை பத்து மணிக்கு வந்தது. இரண்டு பேர் தூக்கிவந்து சுவரில் சாய்த்தார்கள். ஆஹா, என்ன அழகு! ஜன்னலுக்குக் கூடப்பிறந்த மாதிரி இருந்தது. பிளைவுட் கதவை முதல் நாளே கழற்றியிருந்தார்கள். தச்சர் ஒரு கதவை எடுத்து வலது நிலைக்காலோடு நிறுத்தினார். இன்னொன்றை எடுத்து இடது பக்கம் நிறுத்தப் போனார், அது போகவில்லை.

திருப்பி நிறுத்தினார். போகவில்லை. பேசாமல் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார், ஓரத்தில் பூவோடு. நாடாவை எடுத்துக் கதவை அளந்தார்.

"அகலம் நாற்பத்தஞ்சு. எழுதினதும் நாற்பத்தஞ்சு. நூல் பிசகல," என்றார்.

தையல்காரி கழுத்து நாடாவை இழுத்து வாசலை அளந்தாள். நாற்பத்திரண்டு.

மூன்று இன்ச். எங்கிருந்து வந்தது இந்த மூன்று இன்ச்? அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கையெழுத்து, தன் பூ. அப்புறம் மெல்ல மெல்ல உறைத்தது. உறைத்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தையலுக்கு விடுகிற துணி! எந்த அளவை எடுத்தாலும் எழுதும்போது பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் கூட்டித்தான் எழுதுவாள், தையலுக்குள் மடிந்து போவதற்கு. முப்பது வருஷமாக அவள் கூட்டுவதில்லை, கை தானாகக் கூட்டும். சட்டைக்குக் கூட்டினாள், பாவாடைக்குக் கூட்டினாள், இப்போது வாசலுக்கும் கூட்டிவிட்டாள். உயரத்தைப் பார்த்தாள். அதிலும் இரண்டு இன்ச், கீழே மடித்துத் தைக்க!

"கதவுக்கு மடிப்புத் தையல் போட்டிருக்கேன் அண்ணே," என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத குரல்.

தச்சர் சிரிக்கவில்லை. அதுவும் ஒரு நல்ல குணம். "உயரம் பரவாயில்லம்மா, கீழ்ச்சட்டம் கனமா இருக்கு, சீவிடலாம். அகலம்தான் சிக்கல். ஓரச்சட்டம் மூணு இன்ச். அதுல ஒன்றரை எடுத்துட்டா கீல் எதைப் பிடிக்கும்? ஆறு மாசத்துல கதவு கையோட வந்துடும்."

"வேற வழி?"

"சுவரைக் கொஞ்சம் எடுக்கலாம்."

மூன்றாவது வரி. கூட்டவோ குறைக்கவோ கூடாது. அவள் தலையை ஆட்டினாள். தச்சர் பட்டறைக்குப் போய் இழைப்புளியையாவது எடுத்துவருகிறேன் என்று நகர்ந்தார். டிரைவர் லாரி பேச டெப்போவுக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம்.

மனசு சரியில்லையென்றால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வாசல்படிக் கல்லைக் கழுவினாள். நிலைக்கால் இரண்டும் அந்தக் கல்லின் மேல்தான் நிற்கின்றன. நூறு வருஷம் மிதிபட்ட கல், நடுவில் தட்டு மாதிரி குழிந்திருந்தது. தண்ணீர் அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்கிப் பளபளவென்று நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் வாசலுக்கு நடுவில் நிற்கவில்லை. இடது பக்கம் தள்ளி நின்றது.

பொத்தான் பட்டை நடுவை விட்டு ஒதுங்கின சட்டை மாதிரி. அப்படி ஒரு சட்டை மேஜைக்கு வந்தால் அவள் என்ன சொல்வாள்? 'யாரோ ஒரு பக்கம் மட்டும் பிடிச்சுத் தச்சிருக்காங்க' என்பாள். பிடித்துத் தைத்த சட்டை அவள் கண்ணுக்குத் தப்பியதே கிடையாது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். வந்த வேகத்தில் பள்ளத்துத் தண்ணீரில் காலை வைத்து, டம்மென்று இடது நிலைக்காலில் தோளைக் கொடுத்தாள்.

"அம்மாடி! உன் வீட்டுக்கு நான் என்னம்மா பாவம் செஞ்சேன்?"

"அண்ணி! அப்படியே நில்லுங்க, அசையாதீங்க!"

நாத்தனாரை வாழ்க்கையில் யாரும் அப்படி அதட்டியதில்லை. திகைத்து அப்படியே நின்றுவிட்டாள். தையல்காரி குனிந்து அவள் காலைப் பார்த்தாள், நிமிர்ந்து தோளைப் பார்த்தாள். கால் பள்ளத்துக்குப் போகிறது. எல்லோர் காலும் பள்ளத்துக்குத்தான் போகும், கல் அப்படி இழுக்கிறது. கால் போன இடத்துக்கு உடம்பு போகிறது. அங்கே நிலைக்கால் நிற்கிறது. அது அங்கே நிற்கவே கூடாது!

இடுப்பிலிருந்த சிறிய கத்தரிக்கோலை எடுத்தாள். பள்ளத்துக்கு உள்பக்கமாக, கல்லில் வட்டமாக ஒரு கறுப்புத் தடம் தெரிந்தது. கத்தரி முனையால் குத்தினாள். காய்ந்த மண் பொடியாக வந்தது. இன்னும் குத்தினாள், விரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி, இரண்டு அங்குல ஆழம்.

"கல்லை எதுக்குக் குத்துற? புத்தி கித்தி கலங்கிடுச்சா?"

"தாழ்ப்பாள் குழி அண்ணி! இரட்டைக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் கீழ இறங்கும், அதுவும் நடுவுல. நடு இங்க இருக்கு, பாருங்க!" நாடாவைக் குழியிலிருந்து வலது நிலைக்காலுக்குப் பிடித்தாள். இருபத்துமூன்று. இடது நிலைக்காலுக்குப் பிடித்தாள். பத்தொன்பது.

நாலு இன்ச் எங்கேயோ ஒளிந்திருந்தது.

இனிமேல்தான் கஷ்டமான காரியம். காலையில் நடந்ததை நாத்தனாரிடம் சொல்லவேண்டும். மூன்று இன்ச் கதையைக் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு சொன்னாள். நாத்தனார் கேட்டாள். கேட்டு முடித்ததும் வாயைத் திறந்தாள். 'அன்னைக்கே சொன்னேனே' என்று வரப்போகிறது என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மரஸ்கேல்ல மூணு இன்ச் கூடியிருக்காது," என்றாள் நாத்தனார். கொஞ்சம் நிறுத்தினாள். தம்பி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "எத்தனை மணிக்கு வருது அந்த அம்மா? நீ போய் முகத்தைக் கழுவு. நானும் இருக்கேன்," என்று சொல்லி, முக்காலியை இழுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள், பரீட்சைக்குக் காவல் இருக்கிற மாதிரி.

ஆபீசர் சரியாக மூன்று மணிக்கு வந்தார். சாய்த்து வைத்த கதவைப் பார்த்து முகம் மலர்ந்தது. விரலால் பலகையின் கோட்டைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஏன் இன்னும் மாட்டல?"

டிரைவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "அதானே, ஏன் மாட்டல?" என்று அவரும் சேர்ந்து கேட்டார்.

தையல்காரி மறைக்கவில்லை. "மேடம், தப்பு என்னுது. மூணு இன்ச் கூட எழுதிட்டேன். தையலுக்கு விடுற பழக்கம்." டிரைவர் வாயைப் பிளந்தார். "ஆனா நான் சுவரைத் தொடல. நீங்க வந்து பார்த்துச் சொல்லணும்னு வச்சிருக்கேன். இந்த வாசலை யாரோ பிடிச்சுத் தச்சிருக்காங்க."

"என்ன செஞ்சிருக்காங்க?"

அவள் படியில் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். தாழ்ப்பாள் குழியைக் காட்டினாள். நாடாவைப் பிடித்து இருபத்துமூன்று, பத்தொன்பது என்று படித்தாள். ஆபீசர் பையை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டுக் குனிந்தார். குழியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"கல்லு பள்ளம் மட்டும்னா நம்ப மாட்டேன்," என்றார் கடைசியில். "ஒத்தைக் கதவை மட்டும் திறந்து நடந்தா ஒரு பக்கம்தான் தேயும். இந்தக் குழி வேற கதை சொல்லுது. ஆனாலும்..."

"இன்னொரு சாட்சியும் இருக்கு மேடம்," என்றாள் நாத்தனார் எழுந்து. எழுந்தவள் கழுத்துப் பக்கத் துணியைச் சற்று விலக்கி இடது தோளைக் காட்டினாள். நீலம், பச்சை, மஞ்சள் என்று வானவில் மாதிரி ஒரு கன்றல். "வாரத்துக்கு மூணு. எட்டு மாசம். பொய் சொல்லுமா இது?"

ஆபீசரின் கை தானாகப் போய்த் தன் இடது தோளைத் தொட்டது. இழைப்புளியோடு திரும்பி வந்திருந்த தச்சர் அதைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்த முதல் சிரிப்பு.

பிறகு ஆபீசர் சுவரைத் தட்டினார். வலது பக்கம் தட்டினால் கெட்டியாக 'டக் டக்'. இடது பக்கம் தட்டினால் பானை மாதிரி 'டொக் டொக்'. தச்சர் இடது நிலைக்காலை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். "இது வேற மரம். வலது கால் வைரம் பாய்ஞ்சது, இது பெட்டி செய்யுற மரம். பெயிண்ட் அடிச்சு மூடியிருக்காங்க."

"ஒரு கை அகலம் மட்டும் எடுங்க. என் கண் முன்னால. மெதுவா," என்றார் ஆபீசர்.

தச்சர் உளியை வைத்துத் தட்டினார். பூச்சு அப்பளமாக உதிர்ந்தது. உள்ளே செங்கல்கூட முழுசாக இல்லை, உடைந்த துண்டும் மண்ணும் திணித்திருந்தார்கள். அதையும் எடுத்தபோது கீழே படிக்கல்லில் சதுரமாக ஒரு பள்ளம். பழைய நிலைக்கால் நின்ற இடம். அதற்குப் பின்னால் வழவழவென்று பழைய சுவர் விளிம்பு, அதில் கோடாக ஒட்டியிருந்தது கரும்பச்சை.

எல்லோரும் குனிந்து அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தார்கள்.

"அந்த பிளைவுட் கதவு," என்று மெதுவாகச் சொன்னார் டிரைவர். "கடையில அளவு பார்க்காம வாங்கியிருப்பான். கதவு சின்னதாப் போச்சு. கதவை மாத்துறதுக்குப் பதிலா வாசலைச் சின்னதாக்கிட்டான். பஸ் போகலைன்னு ரோட்டை வெட்டின கதை."

"இப்ப அளந்து பாருங்க," என்றார் ஆபீசர்.

தையல்காரி வலது நிலைக்காலிலிருந்து அந்தச் சதுரப் பள்ளத்தின் விளிம்புக்கு நாடாவைப் பிடித்தாள். நாத்தனார் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தாறு.

"கதவு நாற்பத்தஞ்சு," என்றார் தச்சர். "ஒரு இன்ச் பத்தல. அதுக்கென்ன, ரெண்டு கதவும் சேருற இடத்துல ஒரு பட்டை எப்படியும் வைக்கணும். கனமான பட்டையா வச்சா சரியாப் போகும்."

"பத்தலைன்னா ஒட்டுப் போடுறது எனக்குத் தெரியாத வேலையா?" என்றாள் தையல்காரி. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனாலும் அவள் கண் ஆபீசர் மேலேயே இருந்தது. மூன்றாவது வரி இன்னும் அங்கேதானே இருக்கிறது? ஆபீசர் பையிலிருந்து கோப்பை எடுத்துப் பிரித்து அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார்.

"கூட்டவோ குறைக்கவோ கூடாதுன்னு எழுதினது நான்தான். இதைக் குறைச்சது நீங்க இல்ல, உங்களுக்கு முன்னால இருந்தவங்க. இருந்த அளவுக்குத் திரும்பக் கொண்டு போறதைக் கூட்டினதா நான் எழுதமாட்டேன்." எழுதினார். 'வாசல் பழைய அகலத்துக்கு மீட்கப்படுகிறது. கதவு பொருத்தம். குடிபோகலாம்.' கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். "ஜன்னலைப் பார்த்துக் கதவு செய்யுறவங்க உண்டு. கதவு தப்பாப் போய் வாசலைக் கண்டுபிடிச்சவங்களை இப்பத்தான் பார்க்குறேன்."

தையல்காரியின் வயிற்றில் யாரோ பாலை வார்த்த மாதிரி இருந்தது. சுவரில் சாய்ந்து நின்று அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விட்டால் பறந்துவிடும் என்கிற மாதிரி.

"என்கிட்ட எழுதிக் கொடுத்தது எதுவும் தப்பாப் போனதில்லம்மா," என்றார் தச்சர் பெருமையாக, உளியைத் துடைத்துக்கொண்டே.

"ஏய் டேப்பு," என்றார் டிரைவர் காதோரமாக. "எனக்கு நீ தைக்கிற பேண்ட் எல்லாம் ஏன் தொளதொளன்னு இருக்குன்னு இன்னைக்குத்தான் புரியுது."

"உங்களுக்கு விடுறது ரெண்டு இன்ச். வயித்தைப் பார்த்துட்டுப் பேசுங்க."

தச்சர் சட்டையைக் கழற்றி வேலையில் இறங்கினார். பட்டறையில் கிடந்த நல்ல மரத்தில் நிலைக்கால் ஒன்றை இழைத்துப் பழைய பள்ளத்தில் இறக்கினார். சொல்லி வைத்த மாதிரி உட்கார்ந்தது. கீழ்ச்சட்டத்தைச் சீவினார், நடுப்பட்டையை வைத்தார், கீல் மாட்டினார். பொழுது சாய்வதற்குள் கதவு ஏறிவிட்டது. டிரைவர் இருபது தடவை திறந்து திறந்து சாத்தினார். சாத்தும்போதெல்லாம் "ரைட், ரைட்" என்றார். தாழ்ப்பாளை இறக்கியபோது அது தன் பழைய குழியைத் தேடிக்கொண்டு 'டிங்' என்று உள்ளே போனது.

மறுநாள் காலை லாரி வந்தது. கட்டில் இறங்கியது, பாத்திர மூட்டை இறங்கியது, எல்லாவற்றுக்கும் முன்னால் தையல் மெஷின் இறங்கியது. இரண்டு கதவும் அகலத் திறந்திருக்க, அதை நேராக முன்னறை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தார்கள். ஜன்னலின் அடிவிளிம்புக் கோடும் கதவின் குறுக்குச் சட்டமும் ஒரே மட்டத்தில் ஓடின. தையல்காரி சீருடை மூட்டையை அவிழ்த்து, முதல் சட்டையின் தோளை எடுத்து ஊசியின் கீழே வைத்தாள்.

நாத்தனார் வந்துசேர்ந்தாள், கையில் ஒரு பையோடு, வாய் நிறையத் திட்டோடு. "லாரியை எங்கடா நிறுத்தியிருக்க? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நிறுத்துற இடமா அது? வீதியில ஒரு ஆளு போக முடியல..." பேசிக்கொண்டே படியேறி, பேசிக்கொண்டே உள்ளே வந்து, பேசிக்கொண்டே சமையலறை வரைக்கும் போய்விட்டாள். அங்கே பேச்சு நின்றது.

திரும்பி வந்தாள். வாசலைப் பார்த்தாள். இடது தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்ன அண்ணி?" என்றாள் தையல்காரி, மெஷினை நிறுத்தாமல்.

நாத்தனார் திரும்பவும் வெளியே போனாள். படிக்குக் கீழே இறங்கினாள். மறுபடியும் ஏறி, பள்ளத்தில் காலை வைத்து, நேராக உள்ளே வந்தாள். எங்கேயும் எதுவும் படவில்லை.

"ஒண்ணுமில்ல," என்றாள் தோளைத் தடவிக்கொண்டே. "எதையோ மறந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு."